புடவைக் காக்காவின் கைப்பொம்மை

நம் பொம்மலாட்டக் குழுவின் இளையவர்களே, போன மாதம் நீங்கள் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை பிடித்ததைப் பார்த்தேன். ஓய்வு பெற்றவள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அழகு என்று தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன். உங்களில் பாதிப் பேர், இந்தப் பழைய கைப்பொம்மைகளை இனி எந்தப் பிள்ளைக்கும் காட்டக் கூடாது, இது மனிதரை இனம் வைத்துக் கேலி செய்வது என்றீர்கள். மற்றப் பாதி, அந்தக் காலத்தில் எல்லாரும் சிரித்தார்கள், ஒருவருக்கும் நோகவில்லை, இப்போதுதான் தொட்டதற்கெல்லாம் நோகிறது என்றீர்கள். பிறகு இரண்டு பகுதியும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாமல் அல்ல. சொல்லத் தொடங்கினால் நான் செய்ததையும் சொல்ல வேண்டி வரும். இத்தனை வருடத்தில் அதை ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

பெட்டியில் இருப்பவர்கள் நாங்கள் செய்த பொம்மைகள் அல்ல. மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் களஞ்சிய அறையில் கிடந்து எங்களிடம் வந்து சேர்ந்தவை. கடதாசிக் கூழில் தலை, துணியில் உடம்பு, உள்ளே கையை விட்டு ஆட்ட வேண்டும். ராசா, ராணி, பொலிஸ்காரன், முதலை. இவர்களோடு நீங்கள் சண்டை பிடித்த அந்த இரண்டு பேர். கரிக்கறுப்பு முகமும் தடித்த சிவப்பு உதடும் கம்பளி மயிருமாக இருக்கும் 'காப்பிரி' ஒருவன். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொன்னார்கள். சோறு தின்னாத பிள்ளையை வெருட்டவும் அதே சொல்தான் உதவியது. மற்றவர் தொப்பியும் தாடியும் வளைந்த மூக்கும் பானை வயிறும் வைத்த, துணி விற்கிற முஸ்லிம் யாவாரி. துணியை நாங்கள் புடவை என்போம். முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். நாங்களும் அவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அதனால் அந்தப் பொம்மைக்குப் 'புடவைக் காக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது.

எங்கள் குழு என்று சொன்னால் இரண்டே பேர். மாஸ்டர் என்று நாங்கள் கூப்பிட்ட மூத்த கலைஞர் திரைக்கு முன்னால் மத்தளத்தோடு இருந்து கதை சொல்வார். நான் திரைக்குப் பின்னால் இருந்து பொம்மைகளை ஆட்டிக் குரல் கொடுப்பேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அகதி முகாம்கள், பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்காத ஊர்கள் என்று போய்ப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது வேலை. ஷெல் சத்தத்துக்குக் காதைப் பொத்திப் பழகிய பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் வாய்விட்டுச் சிரித்தால், அன்று நாங்கள் உழைத்தோம் என்று அர்த்தம். மாஸ்டருக்கும் எனக்கும் இருந்த அளவுகோல் அது ஒன்றுதான். சிரிப்பு வந்தால் சரி.

அந்த அளவுகோல் பிழை என்று முதலில் ஒரு தாய் வந்து சொன்னாள். தன்னாமுனை என்ற ஊரில் ஆட்டம் முடிந்த மறுநாள், தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் காப்பிரி என்று கூப்பிடுகிறார்கள், அவள் முகத்துக்கு மாவைப் பூசிக்கொண்டு நிற்கிறாள், அந்தப் பொம்மையை இனிக் காட்டாதீர்கள் என்று கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பிள்ளைகள் பகிடிக்குச் சொல்லுறதுதானே அக்கா, ரெண்டு நாளில மறந்திருவாங்க" என்று தோளில் தட்டி அனுப்பினேன். அவள் போன பிறகு அவள் பேசிய விதத்தை மாஸ்டருக்கு நடித்தும் காட்டினேன். வெட்கமாக இருக்கிறது. அந்தத் தாயின் சொல்லைக் கேட்டிருந்தால் அடுத்தது நடந்திராது.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாஸ்டர் அதை 'ஊர் வாய் பிடிக்கிறது' என்பார். எந்த ஊருக்குப் போனாலும் ஆட்டத்துக்கு முன்னால் நான் தேத்தண்ணிக் கடையில் போய்க் குந்தி, அந்த ஊரில் யாரைப் பற்றி என்ன பகிடி என்று மெல்ல விசாரித்து வருவேன். கடைக்காரரின் தொப்பை, தபால்காரரின் உடைந்த மணி, எதுவென்றாலும் பொம்மையின் வாயில் போட்டுவிடுவோம். தங்கள் ஊர்ப் பெயர் பொம்மையின் வாயில் வந்தால் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். இப்போது நீங்களும் அதைச் செய்கிறீர்கள். செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கே கால் வழுக்கும் என்று மட்டும் காட்டுகிறேன்.

அது தொண்ணூறுகளில் ஒரு புதன்கிழமை. வாவிக்கு மேற்கே, மண்டூருக்கும் அப்பால், வட்டைகள் என்கிற வயல்வெளிகளுக்கு நடுவே ஓர் ஊர். ஊரின் பெயர் வேண்டாம். கரையோர ஊர்கள் இராணுவத்தின் கையில், வாவிக்கு அந்தப் பக்கம் இயக்கத்தின் கையில் இருந்த காலம். அங்கே போவதற்குப் பாதை ஏற வேண்டும். வாவியைக் கடக்கிற மிதவைத் தட்டைத்தான் நாங்கள் பாதை என்போம். தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் இரத்தம் சிந்தியிருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவர் ஊருக்குள் ஒருவர் போகாமல் இருந்தார்கள். போன ஒருசிலரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனார்கள்.

பிள்ளைகளுக்கு ஆட்டம் காட்டுவதால் ஊர்களில் என்னை, ஓர் ஆசிரியையைப் போல, 'ரீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். தேத்தண்ணிக் கடை அக்காவிடம் வாயைக் கொடுத்தேன். "இங்க ஒரு புடவைக் காக்கா வாறவரு ரீச்சர், ஆதம்பாவாக் காக்கா எண்டு. வியாழக்கிழமையில சைக்கிள்ள வருவாரு. நல்ல மனிசன். புள்ளைகளக் கண்டா விடமாட்டாரு, நிப்பாட்டி வெச்சு வீட்டில எத்தினை பேர், என்ன வயசு, என்ன உசரம் எண்டு கேட்டுக் கொப்பியில எழுதிருவாரு. பொஞ்சாதிதான் சட்டை தைக்கிற. சித்திரை வருசத்துக்கு அளவாக் கொண்டு வந்து குடுப்பாரு" என்றாள். எனக்குக் கை துறுதுறுத்தது. பெட்டியில் காக்கா தயாராக இருக்கிறார், ஊருக்குள்ளும் ஒரு காக்கா வருகிறார். இதைவிட வேறென்ன வேண்டும்?

திரைக்குப் பின்னால் இருந்து தொப்பிப் பொம்மைக்குச் சின்னக் கொப்பி ஒன்றைச் செய்து கட்டினேன். வழக்கம்போல மூக்கால் பேசினேன். பொம்மை கேட்கும், பிள்ளைகள் கத்த வேண்டும். "நான் எண்டைக்கு வருவன்?" "வியாழக்கிழமை!" "வந்து என்ன கேப்பன்?" "வீட்டில எத்தினை பேர்!" பகிடிக்கு மூன்றாவது அடி ஒன்று வேண்டும், அப்போதுதான் சிரிப்பு ஏறும். மூன்றாவது அடியாக என் வாயில் வந்தது: "மூத்த மகன் எங்க?" பிள்ளைகளை விடப் பெரியவர்கள்தான் அதற்கு உரக்கச் சிரித்தார்கள். அந்தக் கேள்வியை அந்த ஊரில் ஒருவரும் ஒருவரிடமும் கேட்பதில்லை. மூத்த மகன் இயக்கத்தில் இருப்பான், அல்லது அதற்குப் பயந்து ஒளிந்திருப்பான், அல்லது இராணுவம் பிடித்துக்கொண்டு போயிருக்கும். பயந்து அடக்கி வைத்திருந்ததை ஒரு கோமாளிப் பொம்மை கேட்டதும் சனம் வெடித்துச் சிரித்தது. நான் அதை என் திறமை என்று எண்ணி ஐந்தாறு தரம் திருப்பிக் கேட்டேன். பிள்ளைகளும் ஒவ்வொரு தரமும் அதையே திருப்பிக் கத்தினார்கள்.

ஆட்டம் முடிந்து பொம்மைகளை மடிக்கும்போது ஒருவர் வந்து நின்றார். சாரமும் வெள்ளைச் சேர்ட்டும் போட்ட முப்பது வயதுக்காரர். இயக்கத்து ஆள் என்று கேட்காமலே தெரிந்தது. கடை அக்கா அவரைக் கண்டதும் உள்ளே போனாள்.

"நல்லாச் செய்தீங்க ரீச்சர். அந்தக் காக்கா மெய்யாவே கொப்பியில எழுதுறவரா?"

"அது பகிடிக்குச் செய்தது அண்ணன்."

"பகிடிதான். ஆனா ஒண்டும் இல்லாம உங்கட வாயில வருமா? மூத்த பொடியன்மாரை விசாரிக்கிறவர் எண்டு ஆரு சொன்னது?"

நான் வாய் திறப்பதற்குள் அவர் பக்கத்தில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து, "காக்கா எண்டைக்கு வருவாரு?" என்றார். அவர்கள் ஒரே குரலில், என் பொம்மையின் குரலில், மூக்கால், "வியாழக்கிழமை!" என்று கத்தினார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள்தான் வியாழக்கிழமை.

இராணுவத்துக்குத் தகவல் கொடுப்பவன் என்று ஒருவர் மேல் ஒரு சொல் விழுந்தால் அந்த நாட்களில் என்ன நடக்கும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். விசாரணை, சாட்சி ஒன்றும் கிடையாது. அன்றைய கடைசிப் பாதையில் வாவியைக் கடக்கும்போது பொம்மைப் பெட்டியின் மேல் குந்தியிருந்தேன். மாஸ்டரிடம் சொன்னேன். அவர் மத்தளத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "நீ ஒண்டும் கதைக்காத. காக்காவை மறிச்சா, குற்றம் இருந்தபடியால்தான் வரல்ல எண்டு சொல்லுவாங்க. ஆரு மறிச்சது எண்டு உன்னையும் தேடுவாங்க. எனக்கு மூண்டு பிள்ளைகள்" என்றார். அவரைக் கோழை என்று நான் நினைக்கவில்லை. அன்று அவர் சொன்னதில் பிழையான சொல் ஒன்றுகூட இல்லை. இருந்தும், பேசாமல் இருந்தால் ஒரு மனிதன் தன் பாட்டில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அவர்கள் கையில் விழுவான்.

தொலைபேசி கிடையாது. ஆறு மணிக்குப் பிறகு வீதியில் ஒருவரும் போக முடியாது. விடிந்ததும் விடியாததுமாகத் துறைக்குப் போய் நின்றேன். ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் திரும்பிப் பார்த்தேன். முதல் பாதை போனது, அவர் வரவில்லை. வேறு துறையால் போயிருப்பாரோ, நான் வருவதற்கு முன்னமே கடந்திருப்பாரோ என்று நினைத்து அங்குமிங்கும் நடந்தேன். இரண்டாவது பாதை கரைக்கு வரும்போது, பின்னால் பெரிய புடவை மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெலிந்த, தாடியில்லாத ஒரு மனிதர் வந்தார். நான் அவரைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். பானை வயிறும் தாடியுமாக ஒருவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! பாதைக்காரர் "வாங்க ஆதம்பாவாக் காக்கா" என்று கூப்பிட்டபோதுதான் விளங்கியது. அவரைக் காப்பாற்றப் போன நானே அவரை என் பொம்மையின் முகத்தில் தேடினேன்.

ஓரமாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பிப் போய்விடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் சத்தம் போடுவார், ஏசுவார் என்று நினைத்தேன். தோளில் கிடந்த சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"நான் இண்டைக்குப் போகாட்டி, அவங்க நெனச்சது சரியாப் போயிரும் புள்ள. பொறகு எனக்கு மட்டுமில்ல, எங்கட ஆக்கள் ஒருத்தரும் அந்தப் பக்கம் போகேலாது. ஒங்களுக்குக் கதை சொன்ன அந்தத் தேத்தண்ணிக் கடைப் பொம்புளைக்கும் கேள்வி வரும்."

"அப்ப என்ன செய்யிற காக்கா?"

"செஞ்சது நீங்க. வந்து சொல்லுங்க. அந்தப் பொம்மையையும் எடுத்துக்கிட்டு வாங்க."

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு எது ஆபத்து, எது பாதுகாப்பு என்று மாஸ்டரும் நானும் முதல்நாள் முழுக்க முடிவெடுத்துக்கொண்டிருந்தோம். அவரிடம் கேட்டபோது எங்கள் இரண்டு முடிவும் பிழையாக இருந்தது.

ஓடிப்போய்ப் பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டு வந்து அவரோடு அடுத்த பாதையில் ஏறினேன். அக்கரையில் வெள்ளைச் சேர்ட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். சைக்கிளை நிறுத்தச் சொல்லிக் கொப்பியைக் கேட்டார்கள். காக்கா எடுத்துக் கொடுத்தார். நான் பையிலிருந்து பொம்மையை எடுத்துக் காட்டி, "மூத்த மகன் எங்க எண்டு கேட்டது இவர் இல்ல. நான். கடையில ஒருத்தரும் அப்பிடிச் சொல்லல்ல. என்ர வாயில வந்தது" என்றேன்.

"ஏன் சொன்னீங்க?"

"சிரிக்கிறதுக்கு."

வெள்ளைச் சேர்ட்டுக்காரர் அந்தப் பொம்மையை வாங்கிப் பார்த்தார். பிறகு காக்காவின் முகத்தைப் பார்த்தார். மறுபடி பொம்மையைப் பார்த்தார். கொப்பியைத் திறந்து உரக்க வாசித்தார். "கண்ணகியின் மகள், ஆறு வயது, முழங்காலுக்குக் கீழே. வேலனின் கடைசிப் பொடியன், கழுத்துப் பெருசு, பொத்தான் வேண்டாம்." பக்கத்துக்குப் பக்கம் அதுதான். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் உயரமும் தோளும் இடுப்பும். அவர் பக்கங்களை முழுக்கப் புரட்டினார். கடைசியில், "யாவாரத்தைப் பார்த்துட்டு வெள்ளனப் போங்க காக்கா. கொப்பி இங்க கிடக்கட்டும்" என்றார். பொம்மையை என்னிடம் தந்தார். கொப்பியைத் தரவில்லை.

ஊருக்குள் போனோம். பிள்ளைகள் ஓடி வந்து சைக்கிளைச் சூழ்ந்துகொண்டு, மூக்கால், "எத்தினை பேர்! மூத்த மகன் எங்க!" என்று கத்தினார்கள். நான் கற்றுக் கொடுத்த குரல். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. ஆனால் காக்கா சிரித்தார். அவர்களோடு சேர்ந்து தானும் மூக்கால் ஒரு தரம் சொல்லிக் காட்டினார். சொல்லும்போதே சைக்கிளைத் தனக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் திருப்பி நிறுத்திக்கொண்டார்.

திரும்பும் பாதையில், "எப்பிடிக் காக்கா உங்களுக்குச் சிரிக்க முடிஞ்சது?" என்று கேட்டேன்.

"இது புதுசா புள்ள? மத்த ஊர்களில ஒங்கட ஆட்டத்த நான் முந்தியும் ரெண்டு தரம் பாத்திரிக்கன். சனத்துக்கு நடுவுல நிண்டு நானும் சிரிச்சன். எல்லாரும் சிரிக்கக்குள்ள நான் மட்டும் சிரிக்காம நிண்டா, அடுத்த வியாழக்கிழம அந்த ஊருக்குள்ள எப்பிடிப் போற?"

ஆகவே 'அந்தக் காலத்தில் ஒருவருக்கும் நோகவில்லை' என்று சொல்கிற உங்களில் பாதிப் பேருக்கு இதுதான் என் பதில். நொந்தவர் நம் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்காமல் இருக்க நாங்கள் இடம் வைக்கவில்லை. தன்னாமுனைத் தாய் வாய் திறந்து சொன்னாள், அவளை நான் தட்டிக் கழித்தேன். இன்றைக்குத்தான் நோகிறது என்பது பச்சைப் பொய். இன்றைக்குத்தான் பயமில்லாமல் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்றப் பாதிப் பேரே, நீங்களும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். பெட்டியைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். அன்று என் கையில் அந்தப் பொம்மை இல்லாவிட்டாலும், ஊர் வாய் பிடிக்கிற என் வாய் இருந்திருக்கும். யாருடைய முகத்தை எடுக்கிறீர்களோ, அவர் அந்தக் கூட்டத்தில் நின்று 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்று சொல்லிவிட்டுப் பத்திரமாக வீட்டுக்குப் போக முடியுமா? அதைக் கேளுங்கள். முடியாது என்றால் அந்தப் பகிடியை விடுங்கள், எவ்வளவு நல்ல பகிடி என்றாலும் விடுங்கள். பெட்டியை எரிக்கச் சொல்ல மாட்டேன். இப்படியும் செய்தோம் என்று வளர்ந்தவர்களுக்குக் காட்ட அது இருக்கட்டும். பிள்ளைகளுக்கு முன்னால் அந்த இரண்டு பேரும் கையில் ஏற வேண்டாம்.

மாஸ்டர் அதன் பிறகு புடவைக் காக்காவைக் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் கதைத்ததும் இல்லை. ஆதம்பாவாக் காக்கா வியாழக்கிழமைகளில் போய்க்கொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் திரும்பி வந்தாரா என்று பாதைக்காரரிடம் விசாரித்தபடி இருந்தேன். வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்றே நம்பத் தொடங்கினேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அந்த ஊருக்கு மறுபடி ஆட்டத்துக்குப் போனோம். முதலையும் ராணியும் மட்டும். பிள்ளைகள் எல்லாரும் புதுச் சட்டையோடு வந்து முன்னால் குந்தினார்கள். ஒருவனுக்குக் கழுத்து இறுகி முகம் சிவந்திருந்தது. ஒருத்திக்குப் பாவாடை நிலத்தில் இழுபட்டது. தேத்தண்ணிக் கடை அக்கா என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "காக்கா இப்ப ஒண்டும் கேக்கிறல்ல ரீச்சர். புள்ளைகளுக்குக் கிட்டயும் போறல்ல. தூரத்தில நிண்டு கண்ணால அளந்துட்டுப் போறாரு."

ஆட்டம் தொடங்கியது. ராணி தலையை நீட்டியதும் எல்லாரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும், கைதட்டுவதற்கு முன்னால், நீண்டு தொங்கிய சட்டைக் கைகளுக்குள் தன் கைகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.